எதையும் தங்கவிடாத அக்கா

இருபத்தெட்டு வருட அரசாங்க உத்தியோகத்தில் என் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கிழிக்க எந்த மேலதிகாரிக்கும் துணிச்சல் வந்ததில்லை. அந்த அக்கா கிழித்தார். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்த நோய்ப் பிரிவில், டோக்கன் எண் கூப்பிடக் காத்திருந்த வரிசையில், நாங்கள் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

என் மடியில் இருந்தது தலையணை கனத்தில் ஒரு கோப்பு. அதுவரை எடுத்த எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளும் தேதி வாரியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். ஆஸ்பத்திரியில் எப்போது எதைக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று ரேஷன் கார்டு நகலும், கட்டிய மின்சார ரசீதும்கூட வைத்திருந்தேன். "அதுல என்னுங்க அத்தனை?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா. கேட்டுவிட்டாரே என்ற பெருமையில் கையில் கொடுத்தேன். புரட்டினார். மடியில் ஒரு கட்டு, தரையில் ஒரு கட்டு என்று பிரித்தார். தரையில் கிடந்த கட்டுதான் பெரிது. அதை இரண்டாகக் கிழித்து நாற்காலிக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, இளைத்துப்போன கோப்பை என்னிடம் நீட்டினார்.

"அதெல்லாம் முட்டை வெக்காதுங்க" என்றார்.

நாமக்கல்லை அடுத்த எருமப்பட்டிப் பக்கம் அவருக்கு முட்டைக்கோழிப் பண்ணை. தீவனம், மோட்டார், கணக்கு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கோழிகள் அக்காவின் பொறுப்பு. பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது எதற்கு, யாருக்கு உபயோகம் என்று கேட்பார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம் என்பதால் நான் அக்கா என்றேன். அவர் என்னை சார் என்றார். கோபம் வந்தால் மட்டும் தம்பி.

ஒருமுறை மனைவியோடு நாமக்கல் போயிருந்தபோது பண்ணைக்குக் கூப்பிட்டார். நீள நீளமான ஷெட்டுகளில் கம்பிக் கூண்டுகள். நெருங்கினால் அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் தலையை வெளியே நீட்டி விசாரித்தன. அக்கா பேசிக்கொண்டே நடந்தார். நடக்கிற நடையிலேயே ஒரு கூண்டுக்குள் கை போகும், ஒரு கோழி வெளியே வரும். கொண்டை சிவந்து விரிந்திருக்கிறதா, வெளுத்துச் சுருங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு அதன் அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்ப்பார். மூன்று விரல் நுழைந்தால் கோழி திரும்பக் கூண்டுக்குள். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் அது பின்னால் தள்ளிவந்த வண்டிக்குள். அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சில்லை, முகத்தில் மாற்றமில்லை. எங்கள் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்த வாக்கியம் நடுவில் அறுபடவே இல்லை.

"தீனி மட்டும் திங்கும், முட்டை வெக்காது. அது நிக்கற எடத்துல வெக்கற கோழி நிக்கணுமல்லங்க."

திரும்பி வருகிற பேருந்தில் மனைவி என்னையே ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "உங்களை அவங்ககிட்ட காட்டாம இருந்திருக்கலாம்."

மனிதர்களிடமும் அக்கா அப்படித்தான். கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதி, சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவார். பண்ணையைப் பார்க்க வந்து நாலு நாள் தங்கிய ஒரு சம்பந்தியை ஐந்தாம் நாள் காலையில் காபி கொடுத்து, பையை எடுத்துக் காரில் வைத்து, அவருக்கே தெரியாமல் வழியனுப்பி வைத்தாராம். மோகனூர் தாண்டிய பிறகுதான் அந்த ஆளுக்குத் தான் ஊருக்குப் போய்க்கொண்டிருப்பது உறைத்தது என்று வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வேலை முடிந்துவிட்டால் கிளம்ப வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்.

இப்படிப்பட்டவருக்கு வந்த நோயைத்தான் சொல்ல வேண்டும். எனக்கும் அதேதான். ரத்தப் புற்றுநோயில் மெதுவாக நகர்கிற ஒரு வகை. வெள்ளை அணுக்களில் ஓர் இனம், காலம் முடிந்தும் சாகாமல் சேர்ந்துகொண்டே போகும். ஆரம்பத்தில் இதற்கு மருந்து கொடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "பார்ப்போம், காத்திருப்போம்" என்று அனுப்பிவிடுவார்கள். என் வாழ்க்கையில் எனக்கு முழுத் தகுதி இருந்த ஒரே சிகிச்சை அதுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கிறது. அக்காவுக்கோ அது பொறுக்கவில்லை. தேவையில்லாதது உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் அதை வைத்துக்கொண்டு பேருந்து ஏறிப்போவது எப்படி என்று ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமைசாலி. ஒருநாள் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் 'வேலை முடிந்தது, கிளம்பு' என்ற உத்தரவு தயாராகவே இருக்கிறதாம். அதை நிறைவேற்றுகிற புரதங்கள் சில. அவற்றைக் கட்டிப்பிடித்து நிறுத்தி வைக்கிற புரதங்கள் சில. நிறுத்தி வைப்பதில் பெரிய ஆள், பி.சி.எல்-2 என்று ஒன்று. நல்ல அணுவில் இந்த இரண்டு கட்சிக்கும் ஒரு சமநிலை இருக்கும். எங்கள் அணுக்களில் இந்த பி.சி.எல்-2 அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. உத்தரவு வெளியே போவதே இல்லை. அதனால்தான் அந்த அணுக்கள் சாவதில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. யாருடைய ஓய்வு உத்தரவையோ இழுப்பறைக்குள் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கிளார்க் அது. அவ்வளவு நெருக்கமாக வேறெந்தப் புரதத்தையும் நான் அறிந்ததில்லை. மருந்து அந்த கிளார்க்கை என்ன செய்யும் என்று கொஞ்சம் கவலையோடு கேட்டேன். கொல்லாது என்றார் டாக்டர். மாத்திரை போய் அந்தப் புரதத்தின் பிடிக்குள் தானே உட்கார்ந்துகொள்ளும்; ஏற்கெனவே அங்கே சிக்கியிருந்தது நழுவி வெளியே வந்து தன் வேலையைச் செய்துவிடும். அதாவது, யாரோ வந்து கிளார்க்கின் இரண்டு கையையும் பிடித்துக் குசலம் விசாரிக்கிறார்கள். அந்த நேரத்தில் கோப்பு நகர்ந்துவிடுகிறது. என் அலுவலகத்திலும் நடப்பது இதுதான்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப முட்டை வெக்காத கோழியைக் கழிக்க வுடாம ஒருத்தன் கூண்டுக் கதவைப் புடிச்சுட்டு நிக்கறான். இந்த மாத்திரை அவன் கையை எடுத்து வுட்டுரும். அதானுங்க?"

அதேதான் என்றார் டாக்டர். அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியைப் பார்த்தேன்.

அவருடைய முறை எனக்கு முன்னால் வந்தது. கழுத்தில் கட்டிகள் பெருத்தன. ஹீமோகுளோபின் இறங்கியது. ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. ஊசி மருந்தும் மாத்திரையும் சேர்ந்து ஓராண்டு என்று முடிவானது. மாத்திரைக்கு மட்டும் டாக்டர் கடுமையான சட்டதிட்டம் வைத்தார். முதல் வாரம் மிகச் சிறிய அளவு. வாரம் ஒருமுறை ஏற்றி ஐந்தாம் வாரம்தான் முழு அளவு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இரண்டு நாள் முன்னாலிருந்தே தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர். ஏற்றின நாளில் மாலைக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை, மறுநாள் காலை இன்னொன்று. அணுக்கள் மொத்தமாகச் செத்தால் அவற்றுக்குள் இருக்கும் சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அதை அள்ளி வெளியே போட முடியாமல் திணறும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், கழிப்பது என்று முடிவான பிறகு இந்தக் கொசுறு வேலை எதற்கு என்றார்.

முதல் வாரம் சொன்னபடி செய்தார். அணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம்தான் இறங்கியது. அது போதும் என்று டாக்டருக்கு மகிழ்ச்சி. அக்காவுக்கு அவமானம்.

இரண்டாம் வாரம், அளவை ஏற்றுகிற நாள் காலை பதினோரு மணிக்கு, நான் அலுவலகத்தில் ஒரு கோப்பை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும் முக்கியமான வேலையில் இருந்தபோது, போன் வந்தது. பின்னணியில் கோழிகளின் இரைச்சல்.

"சார், இன்னிக்கு மருந்தை நெம்ப நல்லாப் புடிக்க வெச்சுட்டேனுங்க."

எப்படி என்று கேட்டேன். சொன்னார். கோழிக்குத் தண்ணீரில் கலந்து தடுப்பு மருந்து கொடுக்கும் நாட்களில், முதலில் குழாயை மூடிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாகத்தில் தவிக்கிற கோழி, மருந்துத் தண்ணீர் வந்ததும் ஒரே மூச்சில் குடித்துவிடும். மருந்து வீணாகாமல் அத்தனை கோழிக்கும் ஏறும். பண்ணை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் வாரம் குடம் குடமாகக் குடித்ததில் மருந்து முழுவதும் சிறுநீரோடு போய்விட்டது என்பது அக்காவின் முடிவு. அதனால் இந்த முறை முந்தின நாள் மத்தியானத்திலிருந்து குழாயை மூடிவிட்டார். தன்னுடையதை. காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி, மாத்திரை, அரை டம்ளர் தண்ணீர். அதோடு சரி.

"தாகத்துல இருந்தாத்தானுங்க மருந்து புடிக்கும்."

ரத்தப் பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்றேன். இன்றைக்குக் கோழி ஏற்றுகிற லாரி வருகிறது, அதனால் நாளைக்கு வந்துகொள்ளலாம் என்றார். கை கால் லேசாக மரத்த மாதிரி இருக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, மருந்து வேலை செய்கிற அடையாளம் என்றார். உடனே தண்ணீர் குடியுங்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள் என்றேன்.

"டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லிப் போடாதீங்க சார். அந்தப் புள்ள வையும். லாரி போனதும் குடிச்சுக்கறேன்."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கோழிக் கூண்டுக்குள் கை இருக்கும்போது அவர் போன் எடுக்க மாட்டார்.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்னை நம்பிச் சொன்னது. அவருடைய உடம்பு. நான் டாக்டரும் இல்லை, உறவும் இல்லை. எழுத்து மூலமாக எதுவும் இல்லை. இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்து அடுக்கினேன். எனக்கு அது நன்றாக வரும். கடிகாரத்தில் இருபது நிமிடம் ஓடியிருந்தது. அப்போதுதான் டாக்டர் போட்ட படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அனுப்ப வேண்டிய ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, பத்திரமாக, மரியாதையாக, அதன்மேல் உட்கார்ந்திருக்கிற ஆள் யார் என்று தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் நினைவூட்டாமல், ஒரு விஷயத்தை மேலே அனுப்பினேன்.

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அக்காவின் வீட்டுக்காரர் எண்ணை மட்டும் கேட்டார். லாரி பாதி ஏற்றினபடி நிற்க, அக்காவைக் காரில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழி முழுக்கத் தண்ணீர் குடிக்க வைத்தார்களாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறியிருந்தன. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் டிரிப் ஏற்றி, மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுத்தார்கள். தாகத்தில் மருந்து அதிகமாகப் பிடித்துவிடவில்லை. அதே மருந்துதான், செத்ததை அடித்துக்கொண்டு போக உள்ளே தண்ணீர் இல்லாமல் போயிற்று என்றார் டாக்டர்.

மறுநாள் மத்தியானம் போனேன். எண்கள் இறங்கத் தொடங்கிவிட்டன, பயமில்லை என்று வராந்தாவில் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரிடமே சொன்னார்:

"அரசாங்க உத்தியோகத்துல இருக்கறவுங்க எதையும் மேல அனுப்ப மாட்டாங்கன்னு நம்பித்தானுங்க தம்பி உங்ககிட்டச் சொன்னேன்."

தம்பி என்றார். கோபம்தான். நானும் என் துறையின் சார்பில் வருத்தம் தெரிவித்தேன். அதற்கு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர்.

"நேத்து இங்க படுக்க வெச்சு, ஆளாளுக்கு மேல கை வெச்சு அமுக்கிப் பார்த்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கூண்டுல இருந்து வெளிய எடுத்தா கோழி என்ன நெனைக்கும்னு அப்பத்தானுங்க தெரிஞ்சுது. கழிச்சுப் போட்டாங்க போலன்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் வந்தார். திட்டவில்லை. கோடையில் வெயில் தாங்காமல் கோழிகள் மொத்தமாகச் செத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அக்கா எழுந்து உட்கார்ந்தார். ஒரு வருடம் அப்படி ஆனதாம். ஒரே மத்தியானத்தில் நூற்றுக்கணக்கில். வெட்டிவைத்த குழி பத்தவில்லை, ஆளும் பத்தவில்லை. செத்ததை அள்ளி முடிப்பதற்குள் ஷெட் நாறி, மிச்சம் இருந்த கோழிகளுக்கும் ஆபத்து வந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"சாவறது பிரச்சினை இல்லீங்க. அள்ளறதுதான்" என்றார் மெதுவாக.

"தண்ணிதான் அள்ளுதும்மா" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, அதே அளவில் மறுபடி தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அக்கா தண்ணீர் குடித்த ஒழுங்கைப் பார்த்து நர்சுகள் மற்ற நோயாளிகளுக்கு உதாரணம் காட்டினார்கள். என்னோடு மட்டும் மூன்று வாரம் பேசவில்லை. நான்காவது வாரம் பேசினார், ஒன்றுமே நடக்காததுபோல. கோபமும் அவரிடம் அதிக நாள் தங்க அனுமதி இல்லை. கழுத்துக் கட்டிகள் கரைந்தன. ஓராண்டு முடிவில் ரத்தத்தில் எவ்வளவு தேடியும் அந்த அணு அகப்படவில்லை என்றார்கள். மருந்தை நிறுத்தினார்கள்.

அது முடிகிற சமயத்தில் என்னுடைய காத்திருப்பும் முடிந்தது. எனக்கும் அதே மாத்திரை. முதல் நாள் அக்கா எருமப்பட்டியிலிருந்து கிளம்பி, காலை எட்டரைக்கெல்லாம் வார்டில் நின்றார். கையில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். பண்ணையில் கூண்டுக்கு எண் போடுகிற மார்க்கர் பேனாவால் அதில் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் மணி எழுதியிருந்தார். பத்து மணிக் கோட்டுக்குத் தண்ணீர் இறங்கவில்லை என்றால் பத்து அடித்து ஒரு நிமிடத்தில் எனக்கு ஒரு முறைப்பு கிடைக்கும். வீட்டுக்குப் போன பிறகும் ஐந்து வாரமும் போன் வந்தது. வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. "எந்தக் கோட்டுல இருக்கறீங்க?" சொன்னதும் வைத்துவிடுவார்.

நடுவில் ஒருநாள் நான் படித்துத் தொலைத்த ஒரு விஷயத்தை டாக்டரிடம் கேட்டேன். இந்த பி.சி.எல்-2 கையை விட்டாலும், அதே குடும்பத்தில் வேறொரு புரதம் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளுமாமே. சிலருக்கு நடக்கும் என்றார் டாக்டர். வந்தால் அதற்கு வேறு வழிகள் பார்க்க வேண்டும். ஒரு கிளார்க் மாற்றலாகிப் போனால் பக்கத்து மேசைக்காரர் வந்து அதே கோப்பின் மேல் உட்காருவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. முகம் தொங்கிப்போயிற்று. அக்காவிடம் சொன்னேன்.

"வந்தா வரட்டுமுங்க. அதுக்கும் ஒரு விரல் வெச்சுப் பார்த்துக்கலாம். இப்ப நீங்க எந்தக் கோட்டுல இருக்கறீங்க?"

எனக்கும் ஓராண்டு முடிந்து நல்ல முடிவு வந்த அன்று, அவருக்கும் பரிசோதனை நாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடித்தோம். என் முடிவுத்தாளை வாங்கிப் பார்த்தார். அவருடையதை எனக்குக் காட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. டீயைக் குடித்து முடித்தார். பிறகு போனை எடுத்து, என் எண்ணைத் தேடி, நான் பார்க்கப் பார்க்க அழித்தார்.

"நீங்களும் நல்லாயிட்டீங்க. நானும் நல்லாயிட்டேன். இனி என்னத்துக்குங்க?" என்றார். அதில் வருத்தமும் இல்லை, விளையாட்டும் இல்லை. கோழியைத் திரும்பக் கூண்டுக்குள் விடும்போது இருக்கும் அதே முகம். மூன்று விரல் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். "வாரேனுங்க சார்" என்று கிளம்பினார். டம்ளரில் டீயின் சூடு இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பரிசோதனைத் தேதிகள் ஒன்றாக விழவில்லை. நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் மூலம் தெரியும். அவர் எண் என் போனில் இருக்கிறது. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை, கூப்பிட்டதும் இல்லை. கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தாளோடு போகிறேன். அதற்கு ஒரு ஜெராக்ஸ் உண்டு என்பது வேறு விஷயம். அந்தப் பாட்டில் சமையல்கட்டில் இருக்கிறது. கோடுகள் பாதி அழிந்துவிட்டன. பத்து மணிக் கோடு மட்டும் நன்றாகத் தெரிகிறது. மனைவி அதை மூன்று முறை குப்பைக்கு எடுத்துப் போனாள். மூன்று முறையும் நான் போய் வாங்கி வந்தேன். அது இன்னும் முட்டை வைக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.